எலிக்குட்டியின் மூளையும் 2009இல் பிறந்த பிள்ளைகளும்

முறிகண்டியான்:
கிளிநொச்சிப் பக்கம் கணிதம் படிப்பிக்கிறேன். 2009இல் பிறந்த பிள்ளைகளின் பெறுபேறு குறைவதற்குக் காரணம் போர்க்காலப் பட்டினியில் மூளை வளராததுதான் என்று ஆசிரியர் அறையில் நான் சொன்னது பலருக்குப் பிடிக்கவில்லை. இங்கேயும் சொல்கிறேன். 1966இல் வினிக், நோபல் என்ற இருவர் எலிக்குட்டிகளைப் பிறந்ததிலிருந்து 21 நாள் அரைவயிற்றில் வளர்த்தார்கள். அப்புறம் வயிறாரக் கொடுத்தும் மூளைக் கலங்களின் எண்ணிக்கை ஈடாகவில்லை. வளர்ந்த எலியைப் பட்டினி போட்டபோது கலங்கள் மெலிந்தன, சாப்பாடு கிடைத்ததும் தேறிவிட்டன. 2009இல் போரின் கடைசி மாதங்களில் மாத்தளனில் கஞ்சியோடு கிடந்த தாய்மாரை நினைத்துப் பாருங்கள். விதைநெல்லே பதரானால் யூரியா போட்டு என்ன பயன்?

ஆய்வுகூடத்தான்:
மாஸ்டர், ஆய்வு உண்மை. நாட்கணக்கில்தான் பிழை விடுகிறீர்கள். எலி 22 நாளில் குட்டி போட்டுவிடும், கண்கூடத் திறந்திராது. அதன் மூளை வேகமாக வளர்வதே பிறந்த பிறகு வரும் அந்த மூன்று கிழமைதான். எங்கள் பிள்ளைக்கு அந்த வேகம் கருவின் கடைசி மாதங்களில் தொடங்கி இரண்டு வயது வரை ஓடும். குட்டிக்கு 21 நாள் என்றால் மனிதருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் வரும். ஒல்லாந்தில் 1944-45 பஞ்சத்தில் கருவில் இருந்தவர்களை 19 வயதில் சோதித்தார்கள். 1972இல் வந்த அந்த ஆய்வில் அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை.

முறிகண்டியான்:
ஒல்லாந்துக்காரனுக்குப் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் சோறு இருந்தது. எங்களுக்கு 2006இல் வன்னிக்குச் சாமான் வரும் ஏ9 பாதை பூட்டியதிலிருந்தே சாப்பாட்டுக்கு இழுபறி, போர் முடிவில் எங்களை அடைத்த செட்டிகுளம் முகாம். உங்கள் இரண்டு வருடக் கணக்கு எனக்குத்தான் சாதகம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தனிக்கூண்டில் வளர்ந்த எலிகளின் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளிப்படை, மெல்லிதாக இருந்ததும் தெரியும்தானே. முள்ளுக்கம்பி முகாமும் ஒரு கூண்டுதானே?

ஆய்வுகூடத்தான்:
முதல் அடி நியாயம், ஒல்லாந்தை இதற்கு அப்படியே பொருத்த முடியாது. கூண்டுக் கதையை மட்டும் முழுதாகச் சொல்லுங்கள். அதே பெர்க்லியில் மூளை ஆய்வாளர் மரியன் டயமண்ட் கிழட்டு எலிகளைக்கூட விளையாட்டுச் சாமானும் கூட்டாளிகளும் உள்ள கூண்டுக்கு மாற்றினார். அந்த வயதிலும் புறணி தடித்தது.

இன்னொன்று. எலி மூளை இரண்டு கிராம், எங்களுடையது ஆயிரத்து முந்நூறு கிராமுக்கு மேல். ஐந்து வயதுப் பிள்ளையின் உடல் எரிக்கிற சக்தியில் பாதிக்குக் கிட்ட மூளைக்கே போகிறது. அந்த வயதில் உடம்பு மெதுவாக வளர்வதே அதனால்தான் என்கிறார்கள். பற்றாக்குறை வந்தால் மூளைக்கு முன்னம் அடிபடுவது உயரமும் நிறையும்.

நந்திக்கடல்:
2009 மாசியில் மாத்தளனில் தறப்பாள் கொட்டிலுக்குள் பிள்ளை பெற்றவள் நான். மகன் கட்டைதான், அதில் தம்பி சொன்னது சரி. ஆறாம் ஏழாம் ஆண்டு கொரோனாவில் போனது. வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள், சிக்னலுக்கு வேப்பமரத்தில் ஏறுவான். பிறகு ஒரு வருடம் பள்ளியில் கணக்கு ரீச்சரே இல்லை. மாஸ்டர், நீங்கள் கலத்தை எண்ணுகிறீர்கள், இதை யார் எண்ணுவது?

முறிகண்டியான்:
தங்கச்சி, ஆசிரியர் இல்லாத கதை எனக்கும் தெரியும், எங்கள் பள்ளியிலும் அதுதான். அதற்காக அந்த 21 நாளை நான் விடமாட்டேன். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற திரிபோஷா சத்துமாவுக்குத் தட்டுப்பாடு வருகிறபோது "பிறகு தேறிவிடும்" என்று ஒருவன் சொன்னால், அவன் முகத்துக்கு முன் போட இந்த எலிக்கணக்கு வேண்டும்.

ஆய்வுகூடத்தான்:
அதில் உங்களோடு சண்டை இல்லை. தாய்க்கும் கைக்குழந்தைக்கும் சாப்பாடு போட அதைக் காட்டுங்கள். பதினாறு வயதுப் பெடியனைக் கழித்துவிட அதைக் காட்டாதீர்கள்.

நந்திக்கடல்:
அந்தப் பதர் என்ற சொல்லை முதலில் அழியுங்கோ மாஸ்டர். மற்றதைப் பிறகு கதைப்பம்.