திருமண நாளுக்குக் கணவருக்குக் கேமரா: எதை வாங்குவது, எங்கே மறைத்து வைப்பது?

குளக்கரைவீடு:

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஆவணியில் எங்கள் திருமணத்திற்கு 25 ஆண்டுகள் நிறைகின்றன. சீட்டு எடுத்த பணத்தில் 80,000 ரூபாயை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதில் என் கணவருக்கு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கிக் கொடுக்க விரும்புகிறேன்.

அவர் பள்ளி ஆசிரியர். விடுமுறை என்றால் விடியும் முன்பே சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் குமரி மாவட்டத்துத் தேரூர் குளத்துக்கோ சுசீந்திரம் குளத்துக்கோ போய்விடுவார். மணக்குடியில் பூநாரை இறங்கியிருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அன்று புட்டும் கடலையும் ஆறிப்போகும். திரும்பி வந்ததும் செல்பேசிப் படத்தை இரண்டு விரலால் விரித்து, "இதோ, மீன்கொத்தி" என்று காட்டுவார். என் கண்ணுக்குத் தெரிவது தண்ணீரில் கரைந்த நீலச்சாயம் போன்ற ஒரு திட்டு மட்டுமே.

கடையில் விசாரித்தபோது 83 மடங்கு ஜூம் கொண்ட நிக்கான் பி950-ஐக் காட்டினார்கள். உறவினர் ஒருவரோ, லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராதான் வாங்க வேண்டும் என்கிறார். கணவருக்கு வயது 54, மூக்குக்கண்ணாடி அணிபவர், வலது மணிக்கட்டில் பழைய வலி உண்டு, இதுவரை கேமராவைக் கையாண்டதில்லை. இப்போதே வாங்கிப் பீரோவில் மறைத்து வைத்து, அன்று காலையில் கையில் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். உங்கள் ஆலோசனை வேண்டும்.

தேரூர்ப்பறவை:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கணவரை நான் குளக்கரையில் பார்த்திருக்கவும் கூடும், ஆகவே பொறுப்போடு எழுதுகிறேன்.

83 மடங்கு என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். நம் குளங்களில் மஞ்சள்மூக்கு நாரை பெரும்பாலும் கரையிலிருந்து 50 மீட்டர் தள்ளித்தான் நிற்கும். அதன் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர். பி950-இன் ஜூமை முழுவதும் நீட்டினால், அந்தத் தொலைவில் படத்தின் சட்டத்துக்குள் அடங்குவது 90 சென்டிமீட்டர் அகலமே, அதாவது நாரையின் தலையும் கழுத்தும். கையில் பிடித்தபடி அவ்வளவு குறுகிய சட்டத்துக்குள் ஒரு பறவையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அது பக்கத்துக் குளத்துக்குப் போய்விடும். வெயில் ஏறிவிட்டால் நீர்ப்பரப்பின் மேல் காற்று நெளியத் தொடங்கும். அந்த நெளிவையும் ஜூம் சேர்த்தே பெரிதாக்கிக் காட்டும்.

இன்னொரு குறை, ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லான சென்சாரின் அளவு. கேனான் ஆர்50 போன்ற மிரர்லெஸ் கேமராவின் சென்சார், பரப்பில் பி950-இன் சென்சாரைப்போலச் சுமார் 12 மடங்கு. காலை ஆறு மணியின் மங்கிய ஒளியில், பறக்கும் பறவையை உறையவைக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவோ நேரம்தான் ஷட்டரைத் திறக்க முடியும் என்னும்போது, சிறிய சென்சார் படமெங்கும் மணல் தூவியதுபோல் புள்ளிகளை நிரப்பிவிடும். நல்ல வெயிலில், கம்பியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சிறிய மீன்கொத்திக்குப் பி950 நல்ல கருவிதான், அதை மறுக்கவில்லை.

என் பரிந்துரை, 2023-இல் வந்த ஆர்50-ஐ 18-45, 55-210 மில்லிமீட்டர் என்ற இரண்டு லென்ஸ்களோடு வாங்குவது (இந்த எண் கூடக்கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்). விலை உங்கள் தொகைக்கு அருகில் வரும். 210-இல் வைத்தால் 50 மீட்டரில் நிற்கும் நாரை சட்டத்தின் உயரத்தில் கால் பங்குக்குச் சற்று மேலாக வரும். 24 மெகாபிக்சல் இருப்பதால் ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கலாம். பறவையின் கண்ணைக் கேமராவே அடையாளம் கண்டு ஃபோகஸ் செய்வதால் புதியவருக்குப் பாதிச் சுமை குறையும். நிக்கானில் 2024-இல் வந்த இசட்50 இரண்டாம் பதிப்பிலும் பறவையை அறியும் வசதி உண்டு, ஆனால் தேவையான லென்ஸ்களோடு சேர்த்தால் உங்கள் தொகையைத் தாண்டும். மணிக்கட்டு வலி இருப்பதால் எடையையும் பாருங்கள்: பி950 1,005 கிராம், ஆர்50-உம் 55-210 லென்ஸும் சேர்ந்தே 645 கிராம்தான்.

தக்கலை ஸ்டுடியோ:

கணக்குச் சரி. ஆனால் 210-இல் ஆசை அடங்காது என்பதையும் சகோதரியிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டு ஆண்டுகளில் அவர் 100-400 லென்ஸைக் கேட்பார். அது மட்டுமே 635 கிராம். அடுத்த சீட்டையும் இப்போதே போட்டு வைப்பது நல்லது.

எங்கே வாங்கினாலும் இந்திய வாரண்டி அட்டையும், கேமராவின் வரிசை எண் குறித்த பில்லும் இல்லாமல் வெளியே வராதீர்கள். நான் ஒருமுறை நாலாயிரம் ரூபாய் மிச்சம் என்று வெளிநாட்டுச் சரக்கைப் பில் இல்லாமல் வாங்கினேன்; ஏழாம் மாதம் ஒரு கல்யாண வீட்டில், தாலி கட்டும் நேரத்தில் ஷட்டர் நின்றது. சர்வீஸ் மையத்தில் வரிசை எண்ணைப் பார்த்ததுமே இந்தியாவில் வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பழுதுச் செலவு, மிச்சம் பிடித்ததைவிட அதிகமாயிற்று. அந்தக் கல்யாண வீட்டார் இன்றும் என்னைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்கிறார்கள்.

முட்டம்காற்று:

அக்கா, கேமராக்களைப் பற்றி அவர்களைவிட எனக்குக் குறைவாகவே தெரியும், ஆனால் பீரோவைப் பற்றி எனக்குத் தெரியும். நீங்கள் செய்ய நினைப்பதை நான் செய்தே விட்டேன். வைகாசியில் வாங்கி, பட்டுச்சேலைகளுக்கு நடுவே, பாச்சை உருண்டைகளோடு மறைத்து வைத்தேன். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, அவ்வாண்டு விடாமல் பெய்தது. ஓணத்தன்று அவர் பெட்டியைத் திறந்து லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது, கண்ணாடியின் உட்புறத்தில் சிலந்தி வலைபோல் வெண்மையாக ஒரு பூஞ்சை படர்ந்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வருத்தம்.

ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டிய இருட்டறை பூஞ்சைக்கு நாற்றங்கால். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் மழைக்காலத்தில் மூடிய பீரோ எதுவும் அந்த நிலையில்தான் இருக்கும். பாச்சை உருண்டையும் கற்பூரமும் கேமராவுக்கு அருகில் இருக்கவே கூடாது. காற்றுப்புகாத டப்பாவில் நீலநிறச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள்; இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள், மிதமான சூட்டில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். அதற்குச் சமையல் சட்டியைப் பயன்படுத்த வேண்டாம். மணக்குடிக்குக் கொண்டுபோய் வந்தால், உப்பு படிந்த கேமராவை உலர்ந்த துணியால் தேய்க்காமல் முதலில் சற்றே ஈரமான துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள்.

குளக்கரைவீடு:

எல்லோருக்கும் நன்றி. பீரோ யோசனையை விட்டுவிட்டேன். ஆவணி பிறந்த பிறகே வாங்குகிறேன். ஆனால் கண்ணாடி அணிந்தபடி அவரால் அந்தச் சிறிய துளை வழியாகப் பார்க்க முடியுமா, கை வலிக்குமா என்பதை அவர் தொட்டுப் பார்க்காமல் நான் எப்படி அறிவேன்? கேட்டால் விஷயம் வெளியாகிவிடும்.

தக்கலை ஸ்டுடியோ:

வியூஃபைண்டர் எனப்படும் அந்தத் துளைக்குப் பக்கத்தில் பார்வைக்கேற்பத் திருகிக்கொள்ளும் சிறு சக்கரம் உண்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பலர் பார்ப்பார்கள். வெயிலில் பின்புறத் திரை தெரியாது என்பதால் அந்தத் துளை அவருக்குக் கட்டாயம் தேவை. பாஸ்போர்ட் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி அவரை ஒரு நாள் என்னிடம் அழைத்து வாருங்கள். மேசைமேல் ஆர்50 ஒன்றை வைத்திருப்பேன். பறவைப் பித்துள்ளவர் அதைத் தொடாமல் போகமாட்டார். கால் மணி நேரம் கையில் இருந்த பிறகு மணிக்கட்டைத் தடவுகிறாரா என்று நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

குளக்கரைவீடு:

சனிக்கிழமை வருகிறோம். பாஸ்போர்ட் எதற்கு என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார். இன்னும் ஒரு சந்தேகம்: முறுக்கு போட்டு வைக்கும் காற்றுப்புகாத டப்பா ஒன்றை எண்ணெய் வாடை போகக் கழுவி வெயிலில் காய வைத்திருக்கிறேன்; ஐந்து லிட்டர் பிடிக்கும். கேமராவும் இரண்டு லென்ஸும் அதில் அடங்குமா?

முட்டம்காற்று:

அடங்கும் அக்கா. அடியில் பருத்தித் துணி ஒன்றை மடித்துப் போடுங்கள். முறுக்குக்கு வேறு டப்பா வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் அங்கேயே கண்டுபிடித்துவிடுவார்.