கே.ஈ. 70 காரில் 4ஏ-எஃப்.ஈ. இன்ஜின்: ஓட ஓடச் சூடு ஏறுகிறது

வணக்கம் அண்ணாமார். என்னுடைய பழைய டொயோட்டா கே.ஈ. 70 காரில் அதோடு வந்த கே இன்ஜினைக் கழற்றி 1600 சிசி 4ஏ-எஃப்.ஈ. போட்டு நாலு மாதம் ஆகிறது. ரேடியேட்டர் மட்டும் பழையதுதான். அப்போதே மாற்றியிருக்க வேண்டும், காசு இடம் கொடுக்கவில்லை.

காத்தான்குடி நெரிசலில் அரை மணி நேரம் நின்றாலும் சூடு காட்டும் ஊசி அசையாது, ஃபேன் ஒழுங்காகப் போட்டு நிற்கிறது. ஆனால் களுவாஞ்சிக்குடி தாண்டி கல்முனைப் பக்கம் 70இல் பிடித்தால் பத்து நிமிடத்தில் சிவப்புக்குக் கிட்டப் போகிறது. வேகத்தைக் குறைத்தால் இறங்குகிறது. அதனால் ஃபேனில் பிழை இல்லை என்று நினைக்கிறேன்.

82 பாகை தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), ரேடியேட்டர் மூடி இரண்டும் புதிது. ரேடியேட்டரில் குமிழி வரவில்லை, ஒயிலும் பால் நிறமாகவில்லை, ஆகவே ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல்) போய்விட்டது என்று சொல்லவும் மனம் வரவில்லை. கராஜ் பாஸ் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை.

என் சந்தேகம் ரேடியேட்டர் அடைப்பு, இல்லாவிட்டால் வேகத்தில் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிறது. உள்ளே ஸ்பிரிங் இல்லாத ஹோஸ்தான் போட்டிருக்கிறது.

இதே மாற்றம் செய்தவர்கள் என்ன ரேடியேட்டர் போட்டீர்கள்? கல்லடி, ஆரையம்பதிப் பக்கம் ரேடியேட்டரின் கோர் (தண்ணீர் ஓடும் நடுப்பகுதி) மாற்றிக் கொடுக்கும் நல்ல ஆள் இருந்தாலும் சொல்லுங்கள்.