டோர் பேடில் ரெக்சின் உரிகிறது, ஒட்ட ஒட்ட மறுபடி வருகிறது. உதவி தேவை (கடலூர்)

கடிலக்கரைக்காரன்

வணக்கம். 2013 மாடல் சின்ன ஹேட்ச்பேக், நான் இரண்டாவது ஓனர். முன்பக்க இடது கதவில், அதாவது வீட்டம்மா உட்காரும் பக்கம், டோர் பேடின் (கதவின் உள்பக்கத்தை மூடும் அட்டை) கீழ்ப்பாதி ரெக்சின் உரிந்து தொங்குகிறது. போன வருஷம் அடி ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குத்தான் விலகியிருந்தது, கண்டுகொள்ளவில்லை. இப்போது உள்ளங்கையே நுழைகிறது. உள்ளே இருக்கும் ஃபோம் மஞ்சள் பொடியாகக் கொட்டி அவர் புடவையில் ஒட்டுவதால் தினம் திட்டு வாங்குகிறேன்.

செய்து பார்த்தவை: முதலில் மரவேலைக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளைப் பசை. துணிக் கிளிப் போட்டு ஒரு ராத்திரி விட்டேன், ஒன்பது நாள் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சில்வர் பீச்சில் வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் மறுபடி தொங்கல். அடுத்து சொட்டு விட்டால் உடனே பிடிக்கும் சின்ன ட்யூப் பசை. அது பிடித்த இடம் மரக்கட்டை போல விறைத்து, ஓரமெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. மஞ்சக்குப்பத்தில் ஒரு சீட் கவர் கடையில் கேட்டதற்கு ஒரு கதவு மட்டும் செய்ய மாட்டோம், நாலும் சேர்த்துத்தான் என்று சொன்னார்கள். அவ்வளவு செலவு செய்ய வண்டிக்கே மதிப்பு இல்லை.

எந்தப் பசை வாங்க வேண்டும், நானே செய்ய முடியுமா?

ஸ்பேனர்_புதுவை

டபுள் சைடு டேப் போடுங்க, வேலை முடிந்தது.

அரியாங்குப்பம் வாசி

டேப் வேண்டாம். நான் போட்டேன், ஏப்ரல் மாதத்தில் டேப்பும் சேர்ந்து வழிந்தது.

ரெக்சின் ஏன் உரிகிறது என்று தெரிந்துகொண்டால் பசை தேர்வு சுலபம். இது பிவிசிதான், போர்வெல்லுக்கு இறக்கும் பைப்பும் அதே சரக்கு. பைப் விறைப்பாக இருக்கிறது, ரெக்சின் மட்டும் வளைகிறது என்றால் அதில் மென்மைக்காக எண்ணெய் மாதிரி ஒரு திரவம் கலந்திருக்கிறார்கள். மூடிய வண்டிக்குள் நம் ஊர் வெயிலில் சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. முன் கண்ணாடியின் உள்பக்கம் துடைக்கத் துடைக்க ஒரு பிசுபிசுப்பு படிகிறதே, அதில் இதற்கும் பங்கு உண்டு. திரவம் போகப் போக ரெக்சின் சுருங்கி ஓரத்திலிருந்து இழுக்கும். பின்பக்கமாகக் கசிவது பழைய பசையையும் இளக்கிவிடும். வெள்ளைப் பசை மரத்துக்கானது, இதில் நிற்காது.

எஸ்ஆர் என்று சொல்லும் ரப்பர் பசைதான் சரி, மஞ்சளாக டின்னில் வரும். ஹார்டுவேர் கடையில் சூடு தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

வில்லியனூர் குஷன்

தம்பி, பசை வாங்குவதற்கு முன்னால் மூன்று கேள்வி. நான் இருபது வருஷத்துக்கு மேல் சீட்டும் டோர் பேடும் தைக்கிறவன், அதனால் கேட்கிறேன்.

நாலு கதவும் ஒரே வெயிலில்தான் நிற்கின்றன, ஒரு கதவு மட்டும் ஏன் உரிகிறது? மழை நாளில் அந்தப் பக்கம் கால் மேட் ஈரமாகிறதா? அந்தக் கதவை எப்போதாவது பவர் விண்டோ வேலைக்குக் கழற்றினார்களா?

கடிலக்கரைக்காரன்

அண்ணா, எப்படிச் சொன்னீர்கள்! 2024 ஃபெஞ்சல் புயலுக்கு ஒரு மாதம் முன்னால்தான் அந்தக் கதவில் கண்ணாடி மோட்டார் மாற்றினேன். புயல் மழையில் வண்டி மூன்று நாள் வாசலிலேயே நின்றது, அப்புறம் மேட் ஊறிக் கிடந்தது. குடையிலிருந்து சொட்டியது என்று நினைத்து வெயிலில் காயப்போட்டதோடு சரி. ஒரு பூஞ்சை வாடையும் உண்டு, அதற்கு வாசனை டப்பா வாங்கித் தொங்கவிட்டிருக்கிறேன்.

வில்லியனூர் குஷன்

வாசனை டப்பாவைக் கழற்றிப் போடுங்கள், தலைவலிதான் மிச்சம்.

விஷயம் இதுதான். கதவுக்குள் மழைத் தண்ணீர் போவது தப்பே இல்லை. கண்ணாடி ஓர ரப்பரைத் தாண்டி எல்லா வண்டியிலும் இறங்கும், அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். அந்தத் தண்ணீர் பேடின் மேல் படாமல் இருக்கத்தான் தகரத்துக்கும் பேடுக்கும் நடுவில் பாலிதீன் ஷீட் ஒன்று ஒட்டியிருப்பார்கள். மோட்டார் மாற்றுகிறவர் அவசரத்தில் அதைக் கிழித்துவிட்டு, இரண்டு இடத்தில் செல்லோ டேப் போட்டு மூடிவிடுவார். பேடு மரத்தூள் அட்டையாக இருந்தால் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி உப்பிவிடும். உப்பின அட்டையில் உலகத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. ஃபோம் பொடியாவதும் பாதி சூட்டால், பாதி இந்த ஈரத்தால்தான்.

அதனால் பேடைக் கழற்றியே ஆகவேண்டும். கைப்பிடிக் குழிக்குள் ஒரு ஸ்க்ரூ, லாக் கைப்பிடிக்குப் பின்னால் ஒன்று, சில வண்டியில் அவற்றை மூடி சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், கவனம். அப்புறம் சுற்றிலும் கிளிப். கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சுவருக்குப் பட்டி பூசும் தட்டை பிளேடில் துணி சுற்றிக் கொடுத்து நெம்புங்கள். தள்ளி நெம்பினால் அட்டை கிழியும். பழைய கிளிப் இரண்டு மூன்றாவது உடையும், பத்து கிளிப் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேடைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள், சுவிட்ச் வயரை இணைக்கும் கப்ளரும் லாக் கம்பியும் பின்னால் மாட்டியிருக்கும்.

கழற்றியதும் படம் எடுத்து வையுங்கள். அட்டை எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

நெல்லித்தோப்பு ரதி

இடையில் ஒரு சந்தேகம். எங்கள் வண்டியில் டாஷ்போர்டிலும் கண்ணாடி ஓரத் தூண் மூடியிலும் ரெக்சின் தூக்குகிறது. அதற்கும் இதே பசையா?

அரியாங்குப்பம் வாசி

அக்கா, ஏர்பேக் எழுத்து இருக்கும் இடத்தில் கை வைக்க வேண்டாம். இடது பக்க டாஷ்போர்டில் ஏர்பேக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதற்கென்றே மெலிந்த தையலோ வெட்டோ உள்ளே வைத்திருப்பார்கள். அதன் மேல் புது ரெக்சின் ஒட்டினால் அது சரியாகப் பிரியாமல் போகலாம். தூண் மூடியும் அப்படித்தான், பக்கக் கண்ணாடியை மறைத்து விரியும் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் தொடக்கூடாது. மஞ்சள் நிறக் கப்ளர் தெரிந்தால் அப்படியே மூடிவிட்டு சர்வீசுக்குப் போங்கள்.

கடிலக்கரைக்காரன்

கழற்றிவிட்டேன். மூன்று கிளிப் காலி. ஷீட் கீழே பாதி இல்லவே இல்லை, மீதி சுருண்டு கிடக்கிறது. அட்டை அடியில் நாலு விரல் உயரத்துக்கு உப்பிக் கறுத்திருக்கிறது. ரெக்சினை இழுத்து வைத்துப் பார்த்தால் ஓரத்துக்கு அரை அங்குலம் போதவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

வில்லியனூர் குஷன்

வேண்டாம், இது ஒரு மோசமும் இல்லை. 2011 'தானே' புயலுக்கு அப்புறம் வந்த வண்டிகளைப் பார்த்திருந்தால் இதைப் புதுசு என்பீர்கள்.

அட்டையை நிழலில் ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் முறுக்கிக்கொள்ளும். பாதி காய்ந்ததும் உப்பின இடத்தில் இரண்டு பக்கமும் பலகை வைத்து இறுக்கிக் கட்டுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு பழைய ஃபோம், பழைய பசை எல்லாவற்றையும் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிடுங்கள். துடைக்கத் தின்னர், பெட்ரோல் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். ஸ்பிரிட் போதும். பளபளப்புக்கு அடிக்கிற ஸ்ப்ரே ஏதாவது போட்டிருந்தீர்களா? அதில் சிலிகான் இருந்தால் பசை வழுக்கும், இரண்டு தடவை துடையுங்கள்.

அரை அங்குலம் குறைந்த ரெக்சினை இழுத்து ஒட்டாதீர்கள், அடுத்த வெயிலுக்கே பழிவாங்கும். விறைத்துப்போன பகுதியும் இனி இளகாது. கீழ்ப்பாதிக்கு மட்டும் புது ரெக்சின் வெட்டுங்கள், வேறு நிறமாக இருந்தாலும் வேண்டுமென்றே செய்தது போல இருக்கும். நான்கு பக்கமும் இழுபடும் ரகமாக, சுற்றிலும் ஓர் அங்குலம் மடிக்க மிச்சம் விட்டு வெட்ட வேண்டும். ஃபோம் வேண்டுமென்றால் மெல்லியது போதும்.

எஸ்ஆர் பசையில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டக்கூடாது. அட்டை குடிக்கும், அதனால் அதற்கு மெல்லியதாக ஒரு கோட் போட்டுக் காயவிட்டு இன்னொரு கோட். ரெக்சினுக்கு ஒரு கோட். பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு விரலால் தொட்டால் ஒட்டாமல் இருக்க வேண்டும், அப்போதுதான் சேர்க்க வேண்டும். சேர்த்த நொடியே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால் நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு வாருங்கள், வளைவில் ஹேர் டிரையர் காட்டி இழுத்து மடித்துவிடுங்கள். வாசல் திறந்து வைத்து, பக்கத்தில் விளக்கு, சிகரெட் எதுவும் இல்லாமல் செய்யுங்கள், ஆவி தீப்பிடிக்கும்.

ஷீட் விஷயம்: கனமான பாலிதீன் வெட்டி, பியூட்டைல் டேப்பால் (பிசின் போல ஒட்டும் ரப்பர் டேப்) தகரத்தில் சுற்றிலும் ஒட்டுங்கள். அடி ஓரத்தைக் கதவின் உள்ளே போகும்படி செருகுங்கள், இல்லையென்றால் தண்ணீர் மறுபடி பேடுக்குத்தான் வரும். அடி ஓட்டைகளில் மண் அடைத்திருக்கும், குச்சி விட்டுக் குத்துங்கள்.

கடிலக்கரைக்காரன்

முடித்து மூன்று வாரம் ஆகிறது, வந்து சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். கறுப்புக் கதவில் கீழே பழுப்பு ரெக்சின். ஒரு மூலையில் மடிப்பு சுருக்கம் விழுந்துவிட்டது, முதல் தடவை பசை காயும் முன்பே ஒட்டிப் பிய்த்து மறுபடி செய்ததால் வந்த வினை. நான் சொன்னால்தான் தெரியும், வீட்டம்மாவுக்குச் சொல்லாமலே தெரிந்துவிட்டது. பசை, ரெக்சின், டேப், கிளிப் எல்லாம் சேர்த்து எனக்கு 900 ரூபாய்க்குள் முடிந்தது. போன வாரம் இரண்டு நாள் நல்ல மழை, மேட் காய்ந்தே இருந்தது. சில்வர் பீச் வெயிலிலும் நிறுத்திப் பார்த்தாயிற்று.

ஒரு சந்தேகம் மட்டும். சும்மா இருக்காமல் பின் இடது கதவின் அடி ஓட்டையிலும் குச்சி விட்டேன், ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. அந்தக் கதவை யாரும் கழற்றியதில்லை, ரெக்சினும் நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் பிரிக்க வேண்டுமா?

வில்லியனூர் குஷன்

ஓட்டை அடைத்துத் தேங்கியிருந்தது, இப்போது வடிந்துவிட்டது. பேடு அட்டையின் அடி ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் விட்டுவிடலாம். மெத்தென்று இருந்தால் பிரிக்கத்தான் வேண்டும். கிளிப் மீதி இருக்கிறதா?

கடிலக்கரைக்காரன்

மெத்தென்றுதான் இருக்கிறது அண்ணா. கிளிப் ஏழு மீதி.