பிரண்டையின் அடிக்கணு அழுகுகிறது: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். தொட்டியில் வளர்ந்துவரும் பிரண்டைக் கொடி ஒன்றைக் காப்பாற்ற, அதை வளர்த்துப் பழகியவர்களின் உதவியை நாடுகிறேன். மண்ணையொட்டிய கணு மஞ்சளாகிப் பின்னர் பழுப்பேறி, விரலால் அழுத்தினால் நீர் கசியும் அளவுக்கு மென்மையாகிவிட்டது. ஆனால், அதற்கு மேலுள்ள தண்டு நான்கு பட்டைகளும் விறைப்பாகப் பச்சையாகவே இருப்பதோடு, நுனியில் புதிய பற்றுக்கம்பிகளும் வெளிவருகின்றன. இலைகள் உதிர்வது இக்கொடியின் இயல்பு என்பதால் அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் பிரண்டை தண்டிலேயே நீரைச் சேமித்துக்கொள்வதால், மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றுகிறேன். தொட்டியின் துளையும் அடைபடவில்லை. எனவே மண்கலவையின் மீதுதான் என் ஐயம் செல்கிறது. தோட்டமண்ணும் மட்கிய எருவும் மிகுந்த அக்கலவை, மேலே உலர்ந்தாலும் அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

அழுகிய பகுதிக்கு மேலே, உள்தசை நிறம் மாறாத இடத்தில் வெட்டி, வெட்டுவாய் காய்ந்தபின் மணல் கூடிய கலவையில் ஒரு கணு புதையும்படி நடலாம் என்றிருக்கிறேன். சாறு பட்டால் அரிக்கும் என்பதால் கையுறையும் தயார். வெட்டிய தண்டை எத்தனை நாள் நிழலில் உலர்த்துவது, வேர் பிடிக்கும்வரை நீரே ஊற்றாமல் விடலாமா, நேரடி வெயிலுக்கு எப்போது மாற்றுவது என்பவற்றைத் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாவேன். பழைய தொட்டியின் மண்ணை வேறு செடிகளுக்குப் பயன்படுத்தலாமா என்பதையும் கூறுங்கள்.