குண்டுப் பயிற்சி முடிந்த தீவில் மிச்சம் கிடப்பது

மிதவை
அமெரிக்கக் கடற்படை குண்டுப் பயிற்சி நடத்திய போர்ட்டோ ரிக்கோவின் சின்னத் தீவு வியேக்கஸ் என்றாலே எல்லோரும் குண்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு உறுத்துவது மீன்கூடு. கம்பிக்கூடு, புனல் போல வாய், மேலே ஒரு கயிறு, நுனியில் மிதவை. பயிற்சிக்கு வந்த போர்க்கப்பலின் சுழலி கயிற்றை அறுத்துவிடும். அப்புறம் கூடு எங்கே கிடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. உள்ளே மாட்டிய மீன் செத்து, அதுவே இரையாகி, அடுத்த மீன் வரும். கம்பி துருப்பிடித்து உதிரும்வரை கூடு ஆளில்லாமலே பிடித்துக்கொண்டிருக்கும். 1978-ல் அந்தத் தீவு மீனவர்கள் சின்னப் படகுகளைக் கொண்டுபோய்க் கடற்படைக் கப்பல்களை மறித்தார்கள் என்றால் காரணம் இதுதான்.

கிழக்குமுனை
கூடு மட்டுமா காரணம்? தீவின் நிலத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி கடற்படை கையில் இருந்தது. மேற்கே வெடிமருந்துக் கிடங்கு, கிழக்கே இலக்குக் களம், நடுவில் ஜனங்கள். 1999 ஏப்ரல் 19 அன்று ஒரு எஃப்-18 போர்விமானம் போட்ட இரண்டு 500 பவுண்டு குண்டுகள் இலக்கை விட்டுவிட்டுக் கண்காணிப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் விழுந்தன. அங்கே காவலுக்கு இருந்த உள்ளூர்க்காரர் டேவிட் சேன்ஸ் செத்துப்போனார். அதன் பிறகு ஜனங்கள் இலக்குக் களத்துக்குள்ளேயே குடிசை போட்டு ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். சுற்றிலும் வெடிக்காத குண்டுகள், நடுவில் அடுப்பு. 2003 மே 1-ல் கடற்படை வெளியேறியது.

சணல்நூல்
மிதவை சொன்ன கூட்டுக்கு வழி இருக்கிறது. கூட்டின் பக்கச் சுவரில் 8 அங்குலச் சதுரமாக ஒரு கதவு வெட்டி, மெழுகோ தாரோ பூசாத மெல்லிய சணல்நூலால் கட்டிவிடுங்கள். தடிமன் 1/8 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. நைலான் வேண்டவே வேண்டாம், மட்காது. கூடு தொலைந்துபோனாலும் நூல் இற்று, கதவு விழுந்து, மீன் தப்பிவிடும். இன்னொன்று: கூட்டை ஒற்றையாகப் போடாதீர்கள். இரண்டு மூன்றைத் தரைக்கயிற்றால் கோத்துவிட்டால், மிதவை போனாலும் பாதாளக்கரண்டியை இழுத்துக் கயிற்றை மாட்டி எடுத்துவிடலாம். தரைக்கயிறு கடலடியில் படிந்து கிடக்க வேண்டும். மிதக்கும் கயிறு போட்டால் அதையும் சுழலி தின்றுவிடும்.

கிழக்குமுனை
சணல்நூல், கதவு யோசனை சரி. ஆனால் குண்டு விழுந்த கடலடியில் பாதாளக்கரண்டியா? நங்கூரம் போடுவதே அங்கே தப்பு. பத்து வருஷம் பவளம் ஏறினால் எறிகணை கல்லா குழாயா என்று முக்குளிப்பவருக்கே தெரியாது. கரண்டி எதிலாவது மாட்டிக் கனத்தால் வலித்துப் பார்க்காதீர்கள். கயிற்றை அறுத்துவிட்டு, ஜிபிஎஸ் இடத்தைக் குறித்துக்கொண்டு விலகுங்கள். எறிகணை தெரியாமல் படகின் மேல்தளத்துக்கே வந்துவிட்டால் உருட்டாதீர்கள், சுரண்டாதீர்கள். அசையாமல் கட்டி, நனைத்தபடி வைத்து, ஆட்களைத் தூரத் தள்ளிவிட்டுக் கடலோரக் காவலைக் கூப்பிடுங்கள். காய்ந்தால் வெடிமருந்து இன்னும் முரடாகிவிடும்.

அரைவெடி
வெளியேறியதோடு முடிந்த மாதிரி எழுதுகிறீர்களே. கிடந்த குண்டுகளை அங்கேயே திறந்தவெளியில் வெடிக்க வைத்துத்தானே அழிக்கிறார்கள்? முழுதாக வெடித்தால் மருந்து ஏறக்குறைய எல்லாம் எரிந்துவிடும். அரைகுறையாக வெடித்தால் கட்டி கட்டியாக மண்ணில் சிதறும், அதுதான் வில்லங்கம். குண்டுக்குள் இருக்கும் வெடிமருந்துகளில் டிஎன்டி பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு சிதையும். ஆர்டிஎக்ஸ் ஒட்டாது. மழை பெய்தால் நேரே நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுப்பவர்கள் ஈயம், பாதரசத்தோடு நிறுத்திவிடாமல் ஆர்டிஎக்ஸ் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பார்க்கமாட்டார்கள்.

செம்மண்
ஹவாயில் கஹோலாவே தீவு இதைவிட மோசம். அங்கேயும் 1941-லிருந்து 1990 வரை குண்டுப் பயிற்சி. சுத்தம் செய்ய 40 கோடி டாலர், பத்து வருஷம். கடைசியில் நாலடி ஆழம்வரை சுத்தமானது தீவில் பத்தில் ஒரு பங்குதான். பணம் மட்டும் காரணமில்லை. எரிமலை மண்ணிலேயே இரும்பு இருப்பதால் உலோகம் தேடும் கருவி கண்டதற்கெல்லாம் கத்தும். ஒவ்வொரு சத்தத்துக்கும் கையால் தோண்டிப் பார்க்க வேண்டும், வருவது பாதி நேரம் வெறும் கல். தரையின் மேல்பரப்பில் கிடந்த குண்டுகளை மட்டும் பொறுக்கிய இடங்களில் குழி வெட்டவே முடியாது. அதனால் வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணைத் தரைமேல் மேடாகக் குவித்து, சுற்றிலும் வைக்கோல் கட்டு அடுக்கி, அதில் செடி நடுகிறார்கள். வேர் பிடிக்காத இடத்துச் செம்மண் இன்றைக்கும் மழைக்குக் கரைந்து பவளத்தின் மேல்தான் போய் இறங்குகிறது.

மிதவை
சணல்நூல், அந்தக் கதவைக் கூட்டின் அடியில் வைக்கலாமா, பக்கத்தில்தானா? அடியில் வைத்தால் மணலில் புதைந்து திறக்காதோ என்று சந்தேகம்.

சணல்நூல்
பக்கத்தில்தான். பாதாளக்கரண்டியை விட்டுவிடுங்கள், கிழக்குமுனை சொன்னதே சரி.