புதுப்பிப்பு: ஊஞ்சல் கூடத்தில் தஞ்சாவூர் ஓவியம்

ஊஞ்சல் இருக்கும் பக்கமே கூடம் பாரமாகத் தெரிந்தால், எதிர்ச்சுவரில் தஞ்சாவூர் ஓவியம் மாட்டுங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். உயரம் சொல்லாமல் விட்டுப்போனது. படத்தின் நடு, தரையிலிருந்து 57 அங்குலம். கீழே சோபா இருந்தால் சாய்மானத்துக்கு மேல் 6 முதல் 8 அங்குலம் விடுங்கள். அகலம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்காவது வேண்டும். சின்னப் படம் சுவரில் தொலைந்துபோகும்.

டெல்டா வீடுகளில் பெரிய கவலை ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் உப்புப் பூத்து உதிரும். ஓவியப் பலகைமேல் ஒட்டிய துணியும் சுக்கான் (சுண்ணாம்புக்கல்) மாவுப் பூச்சும் ஈரம் குடித்தால் உப்பி, தங்க ரேக்கோடு பெயர்ந்துவிடும். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் அரை அங்குலத் தக்கை ஒட்டி, காற்றோட விடுங்கள். அடியிலிருந்து ஓதம் ஏறும் சுவரென்றால் படமே வேண்டாம். அங்கே ஆளுயர நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒன்று போதும்.