குளக்கரையில கல் பதிச்சப்புறம் தட்டான்பூச்சி குறைஞ்சுபோச்சு, யாரைப் பார்த்து என்ன கேட்கிறது?

மாதவரம் வேன்காரன்:
பள்ளிக்கூட வேன் ஓட்டுறேன். காலையில பிள்ளைங்களை இறக்கிவிட்டா மதியம் வரைக்கும் சவாரி இல்ல. பால்பண்ணைப் பக்கம் ஒரு குளத்தங்கரையில வண்டியைப் போட்டுட்டு நடப்பேன், நாலு வருஷமா. ஒருநாள் கூட வந்த என் பொண்ணு, "அப்பா, இது மட்டும் ஏன் றெக்கையை மடக்கி வச்சிருக்கு?"ன்னு கேட்டா. அது ஊசித்தட்டான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அன்னியிலேர்ந்து டிரிப் ஷீட்டுக்குப் பின்பக்கம் பார்த்ததையெல்லாம் குறிச்சு வைக்கிறேன்.

போன ஆடியில சம்புக்கு மேல, மஞ்சளும் கறுப்புமா றெக்கை வச்ச தட்டான் பட்டாம்பூச்சி மாதிரி தத்தித் தத்திப் பறக்கும். ஒரே நேரத்துல இருபது எண்ணியிருக்கேன். இப்ப நடைபாதை போட்டாங்க. சம்பு, கோரை எல்லாத்தையும் வழிச்செடுத்துட்டு தண்ணி விளிம்பு வரைக்கும் கல் பதிச்சாச்சு. வயசானவங்க வந்து நடக்கிறாங்க, அதை நான் குறை சொல்லல. ஆனா இந்த ஆடி முழுக்க அந்த மஞ்சள் றெக்கை ஒண்ணுகூடக் கண்ணுல படல. ஊசித்தட்டானும் காணோம். சாக்கடை வந்து விழுற மூலையில ஆரஞ்சுத் தட்டான் மட்டும் நிறைய.

இன்னொண்ணு. பாதை ஓரம் நிக்கிற கறுப்பு கார் பானெட்டை ஒரு தட்டான் வாலால தொட்டுத் தொட்டு எழும்புது. அது என்ன பண்ணுது? எதிர்க்கரையிலயும் வேலை ஆரம்பிக்கப்போறாங்க. யார்கிட்ட போய் என்ன கேட்கணும்?

பெரம்பூர் விலங்கியல் டீச்சர்:
முட்டை வைக்குது தம்பி. தண்ணிமேல பட்டுத் திரும்புற வெளிச்சத்தை அடையாளம் வச்சுத்தான் தட்டான் குளத்தைக் கண்டுபிடிக்கும். பளபளக்கிற கறுப்பு பெயிண்ட்ல படுற வெளிச்சமும் அப்படியே திரும்பும், ஏமாந்துடும். வெயில்ல அத்தனை முட்டையும் வீண்.

ஊசித்தட்டான் தண்டைக் கீறி அதுக்குள்ள முட்டையைச் சொருகும். தண்டே இல்லாத கரையில எங்க வைக்கும்? மத்த தட்டானோட இளசும் தண்ணிக்குள்ள கொசுப்புழுவைத் தின்னு வளர்ந்துட்டு, ஒரு ராத்திரி தண்டுமேல ஏறி, முதுகு வெடிச்சு வெளியே வரும். றெக்கை விறைக்கிறவரைக்கும் பறக்க முடியாது. மொட்டைக் கல்லுல உட்கார்ந்திருந்தா மைனா விடுமா?

ஆரஞ்சுக்கு ஆங்கிலப் பேர் டிட்ச் ஜுவல். சாக்கடைத் தண்ணியையும் தாங்கும். அது மட்டும் பெருகுதுன்னா தண்ணியைக் கவனிங்க.

எண்ணூர் காட்டுக்குப்பம்:
அண்ணே, நாங்க ஆத்துல வலை போடுறவங்க. ஆத்துத் தண்ணியில அனல்மின் நிலையச் சாம்பல் படிஞ்சு, 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணெயும் வந்து, எறா பட்ட பாட்டை நேர்ல பார்த்தோம். தட்டானை யாரு எண்ணினாங்க! நீங்க எண்ணியிருக்கீங்க, அந்தத் தாளைப் பத்திரமா வைங்க. வாடைக்காத்து திரும்புற நேரம் மஞ்சள் தட்டான் கூட்டமா எங்க குப்பத்து மேல போகும்.

பெரம்பூர் விலங்கியல் டீச்சர்:
குப்பத்து மேல கூட்டமா போற அந்தத் தட்டானுக்குப் பேர் பன்டாலா. மாலத்தீவுல இருந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், அது இந்தியாவிலேர்ந்து மாலத்தீவு வழியா ஆப்பிரிக்காவுக்குக் கடல் தாண்டிப் போகுதுன்னு 2009-ல எழுதினார். மழைக்குத் தேங்குற குட்டையில ஒன்றரை, ரெண்டு மாசத்துல வளர்ந்து கிளம்பிடும். வழியில குட்டைங்க இருக்கணும், அவ்வளவுதான்.

கொளத்தூர் அக்கா:
ஆபீசுக்குப் போய் "தட்டானைக் காப்பாத்துங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க, மனு மூலையில போயிடும். கொசுவைப் பத்திப் பேசுங்க, அது எல்லார் வீட்டுப் பிரச்சினை. எங்க தெருக் குட்டையில வேலை நடந்தப்ப சைட் சூப்பர்வைசரை நேர்ல பார்த்து, ஒரு பக்கம் மண்கரையைச் சரிவாவே விடுங்க, ரெண்டு மீட்டர் அகலத்துக்குச் சம்பை வெட்டாதீங்க, கொசுப்புகையை அங்க அடிக்காதீங்கன்னு கேட்டோம். மூணுல ரெண்டு செஞ்சாங்க. புகை மட்டும் நிக்கல. கல் இறக்குறதுக்கு முந்தியே போங்க தம்பி, இறக்கிட்டா யாரும் கேட்கமாட்டாங்க.

மாதவரம் வேன்காரன்:
ரொம்ப நன்றி டீச்சர், அக்கா. இன்னிக்குக் காலையில எதிர்க்கரைக்குப் போனேன். ஒரு சம்புத் தண்டுல மட்டும் ஒன்பது கூடு. தோல் காய்ஞ்சு, முதுகு பிளந்து, கால் ஆறும் தண்டை இறுக்கிப் பிடிச்சபடியே இருக்கு. தண்டோட போட்டோ எடுத்திருக்கேன். கல் லாரி இன்னும் வரல. டிரிப் ஷீட்டெல்லாம் ஜெராக்ஸ் போட்டாச்சு. நாளைக்குப் பிள்ளைங்களை இறக்கிவிட்டுட்டு நேரா சூப்பர்வைசரைப் பார்க்கப்போறேன்.